குடியுரிமை வந்தபோது அவர் இல்லை

இராக் போரில் இறந்த அமெரிக்க மரைன் படை வீரர் ஹோசே அன்டோனியோ குட்டியெரெஸைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அது அவருடைய கடைசி நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதற்கு முன் அவர் பட்ட பாடு அல்லவா பெரிது! குவாத்தமாலா நகரத் தெருக்களில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டே மெக்சிகோவைக் கடந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வளர்ப்புக் குடும்பங்கள் அரவணைத்தன. கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது ஆசை. கடைசியில் கையில் எடுத்ததோ துப்பாக்கி. 2003 மார்ச் 21 அன்று, இராக்கின் உம் கஸ்ர் அருகே உயிர் போனது. அதுவும் சொந்தப் படையினரின் குண்டு பட்டு. அமெரிக்கக் குடியுரிமையை இறந்த பிறகுதான் கொடுத்தார்கள். ஓட்டுப் போட உரிமை இல்லாதவரைப் போருக்கு மட்டும் அனுப்பலாம் என்பது என்ன நியாயம்? எனக்கு மனம் ஆறவே இல்லை.