படுக்கையறை கூடினால் விலையும் கூடுமா?

சென்னையில் ஒரு படுக்கையறை கூடினாலே வீட்டு விலை சில லட்சம் ஏறிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படித் தோன்றுவது இயல்புதான். மூன்று அறை வீடுகள் பெரும்பாலும் பெரியவை. ஆனால் இங்கே அடுக்குமாடி வீட்டுக்குப் பொதுவாகச் சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்கிறார்கள். உதாரணத்துக்கு, சதுர அடி 8,000 ரூபாய் என்றால் 1,000 சதுர அடி வீடு 80 லட்சம். அதையே இரண்டு அறையாகவோ மூன்று அறையாகவோ தடுக்கலாம், அடிப்படை விலை அதேதான். (மூன்றாவது அறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது, அது வேறு கதை!)

நீங்களே சரிபார்க்கலாம். ஒரே தெருவில், ஒரே வயதுள்ள வீடுகளின் விளம்பர விலையைச் சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். அப்புறம், 2016 ரேரா சட்டப்படி (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பை, சொல்லியே விற்க வேண்டும்; சுவர், படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்டப் பரப்பை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.