‘ஆம்’ போட்டுப் பேசிய கோடை

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்திக்குக் காத்திருந்தபோது எனக்கு முன் வரிசையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, நடுவில் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பெண். அம்மா மொபைலிலிருந்து தலையை எடுக்காமல், “மொய் எழுதியாச்சான்னு கேளு” என்றார். பெண் அப்பா பக்கம் திரும்பிக் கேட்டாள். அவர் பந்தல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, “எழுதியாச்சு. சாப்பிட்டதும் கிளம்பணும்னு சொல்லு” என்றார். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். “எழுதியாச்சாம். சாப்பிட்டதும் கிளம்பணுமாம்.”

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் இருந்தது ஒரு நாற்காலி தூரம். அந்த நாற்காலியில்தான் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ‘ஆம்’ எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோடை முழுக்க நான் அப்படித்தான் பேசினேன்.

நம் தமிழில் அது ஒரு பெரிய வசதி. ‘மழை வருது’ என்றால் நான் பார்த்தேன் என்று அர்த்தம். ‘மழை வருதாம்’ என்றால் யாரோ சொன்னார்கள், வந்தாலும் வராவிட்டாலும் என்னைக் கேட்காதே என்று அர்த்தம். பெரியவர்களுக்குக் கை துடைத்துக்கொள்ள நல்ல துணி. பதினைந்து வயதுப் பெண் நாள் முழுக்க அதிலேயே பேச வேண்டியிருந்தால், தன்னுடையதென்று அவளுக்கு ஒரு வாக்கியம்கூட மிஞ்சாது.

1997. பத்தாவது பரீட்சை முடிந்திருந்தது. திருச்சி பொன்மலைப்பட்டியில் வாடகை வீடு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். முந்தைய நவம்பரில் சொசைட்டியில் நாற்பதாயிரம் லோன் எடுத்து, அது போதாதென்று அம்மாவின் ஏழு பவுனை அடகு வைத்து இன்னொரு பதினெட்டாயிரம் சேர்த்து, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டிருந்தார். ரெண்டு வட்டி. அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். வங்கியில் அப்போது 12-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். நான்கு மாதம் 1,160 ரூபாய் தேதி தவறாமல் வந்தது. ஏப்ரலில் ஷட்டர் இறங்கியது.

எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கதை இல்லை. அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ கம்பெனிகள் இப்படிப் படுத்தன. முதலீட்டாளர்களைப் பாதுகாக்க மாநில அரசு தனியாகச் சட்டம் போட்டதும் அதே 1997-இல்தான். ஃபைனான்ஸ் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற சட்டத் திருத்தமும் அதே வருஷம். இன்று நான் உட்கார்ந்திருப்பது ஒரு வங்கியின் டெபாசிட் கவுண்டரில். ஐந்து லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது சார், வெளியில் யாராவது அதிக வட்டி சொன்னால் அங்கே இது கிடையாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பின்னால் வரிசை நீளுகிறது. சரி, அது வேறு பதிவு.

அம்மாவுக்கு நகை விஷயம் தெரியாது. ‘பத்திரமா லாக்கர்ல வச்சிருக்கேன்’ என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை அம்மா துணி ஊறவைக்கும்போது, அப்பாவின் வேலைச் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். சோப்புத் தண்ணீரில் ஒரு மூலை நனைந்துவிட்டது. அம்மா அதை முந்தானையில் ஒற்றி, துணி துவைக்கிற கல்லின் மேல் விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஏழு பவுன், எடை, தேதி, தொகை. கீழே அப்பாவின் கையெழுத்து. படித்துவிட்டு அதே மடிப்பில் மடித்து, காய்ந்ததும் டிவி மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். சட்டையை மட்டும் துவைக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார்.

சத்தமில்லை, சண்டையில்லை. எல்லாம் என் வழியாகப் போகும்.

“சோறு ஆறுதுன்னு சொல்லு.” “எனக்கு வேணாம்னு சொல்லு.” “வேணாம்னா ஏன் ஆக்கச் சொன்னாருன்னு கேளு.” இரண்டு பேருக்கும் நடுவே ஏழடி இருக்கும். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் நான் அதைத் திரும்பச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு.

தம்பிக்குப் பத்து வயது. அவனை யாரும் தூது அனுப்பவில்லை. அவன் விவரமில்லாதவன் என்பதால் இல்லை, வீட்டில் இருந்தால்தானே. காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போது பேட்டை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். வயசுக்கு வந்த பெண் வெயிலில் எங்கே போவது? பள்ளிக்கூடம் இருந்த வரைக்கும் எட்டு மணி நேரம் எனக்கு வேறு உலகம் இருந்தது. லீவு விட்டதும் அதுவும் போயிற்று. கோடை விடுமுறை என்றால் பாட்டி வீடு, மாம்பழம், ஆற்றுக் குளியல் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நிறைய பெண்பிள்ளைகளுக்கு அது இருபத்து நாலு மணி நேர ட்யூட்டி.

உண்மையைச் சொல்கிறேன், முதல் ஒரு வாரம் எனக்கு அது பிடித்திருந்தது. திடீரென்று வீட்டில் நான் முக்கியமான ஆள். அம்மா, “அந்த மனுஷன்கிட்ட எண்ணெய்க்காவது காசு மிச்சம் வச்சிருக்காரான்னு கேளு” என்பார். நான் அப்பாவிடம் போய், “எண்ணெய் தீர்ந்துடுச்சாம்பா” என்பேன். எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும், எந்த வார்த்தையைச் சர்க்கரை தொட்டுக் கொடுக்க வேண்டும் எல்லாம் கைவந்துவிட்டது. ஒருநாள் தைரியம் கூடிப்போய், அப்பா சொல்லாததையே சொன்னேன். “அம்மா, அப்பா சாரி சொன்னாராம்.” அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அந்த வார்த்தை உங்கப்பாவுக்குத் தெரியாதேடி.”

அதன்பிறகு என் தூதுக்கு மதிப்புப் போய்விட்டது. “நெஜமாவே அவர்தான் சொன்னாரா, இல்ல நீயா சொல்றியா?” என்று அம்மா. “அங்க போய் என்னத்த வத்தி வச்ச?” என்று அப்பா. கத்திரி வெயில் முடிவதற்குள், இருவருக்கும் இடையே இருந்த கோபத்தில் பாதி என் கணக்கில் ஏறியிருந்தது.

இதற்கு மனநலத் துறையில் பெயர் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்றார். இரண்டு பேருக்கு நடுவே அழுத்தம் ஏறும்போது மூன்றாவது ஆளை இழுத்து நடுவில் நிறுத்தினால் அவர்கள் இருவருக்கும் கொஞ்சம் லேசாகும். நடுவில் நிற்கிறவருக்குத்தான் கனம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளியில் நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். தலைப்பு, பெண் கல்வி. தமிழம்மா எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தை மனப்பாடம் செய்து கையை ஆட்டி முழங்கினேன். அப்பா அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார். மேடையில் தமிழம்மாவின் வார்த்தை, வீட்டில் அம்மா அப்பாவின் வார்த்தை. மகள் நன்றாகப் பேசுகிறாள் என்று நாம் பூரிப்பதெல்லாம் பெரும்பாலும் அவள் அடுத்தவர் வார்த்தையைப் பேசும்போதுதான். அவளுடைய வாக்கியத்தை அவளே சொன்னால் அதற்கு நம்மிடம் வேறு பெயர்கள் இருக்கின்றன: வாயாடி, வாய் நீளம், எதிர்த்துப் பேசுறா.

ஜூனில் ரிசல்ட். அப்போது சாயங்காலப் பேப்பரில் நம்பர் தேட வேண்டும். மார்க் பள்ளியில்தான் தெரியும். 419. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா, அத்தை, மாமா எல்லோரும் வந்துவிட்டார்கள். பேச்சு நகையில் ஆரம்பித்து, கடனுக்குப் போய், என்னிடம் வந்து நின்றது. சொசைட்டிக்குப் பிடித்ததுபோக சம்பளம் எவ்வளவு வரும், பையனைப் படிக்க வைக்க வேண்டாமா, இவளுக்கு டைப்ரைட்டிங் போதாதா, ரெண்டு வருஷத்தில் மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதானே. நான் அங்கேயேதான் காப்பி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லாமே ‘அவ’, ‘இவ’, ‘பொண்ணு’. ‘நீ’ என்று ஒருவர்கூடத் தொடங்கவில்லை.

அம்மா சமையல்கட்டு நிலையில் சாய்ந்தபடி சொன்னார். “மேல படிக்க வைக்கப்போறாரா இல்லையான்னு கேளு.”

அப்பா தரையைப் பார்த்தபடி, “பணம் எங்க இருக்குன்னு சொல்லு” என்றார்.

வழக்கம்போல வாயைத் திறந்தேன். அப்போதுதான் சிக்கல். இந்த முறை தூதே என்னைப் பற்றி. என்னைப் படிக்க வைக்கப் போகிறீர்களா என்று நானே அம்மாவுக்காகக் கேட்க வேண்டும். பணமில்லையாம் என்று நானே எனக்குச் சொல்ல வேண்டும். என் படிப்புக்கு நானே எப்படி ‘ஆம்’ போடுவது? நாக்கு ஓடவில்லை.

“நான் பிளஸ் ஒன் படிக்கணும். காமர்ஸ் குரூப்” என்றேன். குரல் ஒன்றும் கணீரென்று வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அப்புறம், “இனிமே ரெண்டு பேரும் நேரா பேசிக்குங்க. யாரு சொன்னதையும் யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்.”

பெரியப்பா, “பாத்தியா, இப்பவே வாய் நீளுது” என்றார். அத்தை டம்ளர்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அப்பா கண் கலங்கவில்லை, அம்மா ஓடி வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. சொல்லப்போனால் இரண்டு நாள் அம்மா என்னோடும் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு, ‘அதனால்தானே நீ பொறுப்பானவளா வளர்ந்தே’ என்று கமென்ட் வரும் என்று தெரியும். வளர்ந்தேன். கோபமாக வருகிற கஸ்டமரை என்னிடம்தான் அனுப்புவார்கள், பக்குவமாகப் பேசுகிறேனாம். ஆனால் கல்யாணமாகி வெகுநாள் வரைக்கும் ‘எனக்கு வேண்டாம்’ என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ‘வீட்ல வேணாங்கறாங்க’ என்றுதான் வரும். புடவைக் கடையிலிருந்து பிரமோஷன் ட்ரான்ஸ்ஃபர் வரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாக்கியம் சொன்னதோடு குரல் கிடைத்து, கதை முடிந்துவிடுவதில்லை.

புருஷன் பெண்டாட்டி சண்டையே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுங்கள். பேசாமலும் இருங்கள், அது உங்கள் பாடு. பிள்ளையைத் தபால்காரி ஆக்காதீர்கள். இப்போது அது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ‘இதை அப்பாவுக்கு ஃபார்வர்ட் பண்ணு’. பணம் போனால் போனது என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை; தூது வந்த துண்டு துண்டான வார்த்தைகளை ஒட்டிப் பார்த்துத்தான் ஐம்பத்தெட்டாயிரம் என்று நானே கணக்குப் போட்டேன். அடி உதை இருக்கிற வீடு வேறு விஷயம். அங்கே பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் 1098-ஐக் கூப்பிடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் பிரிந்து, பிள்ளை யாரிடம் வளர்வது என்று வழக்கு போனால், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று 1890-ஆம் வருஷக் காப்பாளர் சட்டமே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பிள்ளைகள் தங்கள் விஷயத்தில் கருத்துச் சொல்ல உரிமை தரும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1992-இல். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அது வந்து சேர்வதற்குள் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அதுவும் தானாக வரவில்லை.

நான் தூதை நிறுத்திய பிறகு வீடு இன்னும் மோசமானது. அப்பா தானே போட்டுச் சாப்பிட்டார். உப்பு தீர்ந்தது, யாரும் வாங்கவில்லை. தம்பி ஒருநாள் சூழ்நிலை தெரியாமல், “இந்த வீட்ல எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சா?” என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மூன்று நான்கு தடவை நானே வலியப் போய்ச் சொல்லிவிடலாமா என்று கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். சொல்லவில்லை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ இருக்கும். காலையில் அடுப்பில் பாதி வெந்த சோறு, தீ நீலமாகச் சுருங்கி அணைந்துபோனது. அம்மா சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலைவாரிக்கொண்டிருந்தேன். வாசலில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி வாசற்படி வரைக்கும் போனார்.

“கேஸ் தீந்துபோச்சு” என்றார். “பதிஞ்சிட்டு வாங்க.”

அப்பா ஸ்டாண்டை எடுத்தவர் மறுபடி போட்டார். “அட்டை எங்க இருக்கு?”

“டிவி மேல.”