ஒன்றரை வயது ஊசி வெறும் பூஸ்டர் அல்ல

"ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசியே போதும், ஒன்றரை வயதில் போடுவது சும்மா பூஸ்டர்தான் (ஏற்கெனவே உருவான எதிர்ப்பை வலுப்படுத்தும் கூடுதல் ஊசி)" என்று சொல்வது தவறு. ஒன்பது மாதத்தில் போடும்போது நூற்றில் சுமார் 15 குழந்தைகளுக்குத் தட்டம்மை எதிர்ப்பு உருவாவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள், ஊசியிலுள்ள வலுக்குறைந்த வைரஸைப் பெருகவிடாமல் அடக்கிவிடுவது முக்கியக் காரணம். அது எந்தக் குழந்தை என்று பார்த்தால் தெரியாது. அதனால்தான் 16-24 மாதத்தில் எல்லோருக்கும் இன்னொரு 0.5 மி.லி., வலது மேற்கையில் தோலுக்கடியில். தவறிப்போயிருந்தால் ஐந்து வயது வரை அரசு மையத்திலேயே போடுவார்கள், தயங்காமல் கூட்டிப்போங்கள். பொடியாக வரும் இந்த ஊசிமருந்தைக் கரைத்த பிறகு, அந்தக் குப்பியை நான்கு மணி நேரத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது. திறந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.