கேள்வி கேட்டது மெஷின், திட்டு வாங்கியது மாணவி

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஓர் ஆய்வு மாணவி எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினாள். அந்தப் பெண் செய்தது ஒன்றே ஒன்று. ஆய்விதழுக்கு அனுப்பும் முன் கட்டுரையை சைஸ்கோரில் போட்டுப் பார்த்தாள்; ஆய்வுமுறை விவரங்கள் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள் அது. செல் லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) சரிபார்த்ததாகக் குறிப்பு இல்லை, சாம்பிள் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தீர்கள் என்று எழுதவில்லை என்று அறிக்கை வந்தது. எழுந்து அதைச் சொன்னாள். "இத்தனை வருஷமா பேப்பர் எழுதுறேன், ஒரு சாஃப்ட்வேர் எனக்குப் பாடம் எடுக்குமா?" என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. இரண்டு நாளாக அதுதான் உறுத்துகிறது.

பாடம் எடுக்கவில்லை சார். கேள்வி கேட்டது. நாம் கேட்க மறந்த கேள்வி.

என் கதையைச் சொல்கிறேன். ஆய்வு மாணவனாக மூன்று வருடம் கேபி என்ற செல் லைனில் வேலை பார்த்தேன். வாய்ப்புற்றுநோய் செல் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நம்பினேன். மூலிகைச் சாறு கொடுத்து, செல்கள் செத்ததை எண்ணி, வாய்ப்புற்றுக்கு மருந்து என்று கட்டுரையும் போட்டேன். கேபி வாய்ப்புற்று செல்லே இல்லை, அது ஹீலா. 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள், ஆய்வகங்களில் மற்ற செல் வளர்ப்புகளுக்குள் புகுந்து அவற்றையே அழித்துவிட்டவை. இப்படிக் கலப்பு நடந்திருப்பதை மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் 1966-லேயே சொல்லிவிட்டார். எஸ்டிஆர் சோதனை (டிஎன்ஏவை வைத்து எந்த செல் என்று உறுதி செய்வது) செய்தாயா என்று என் கைடு கேட்கவில்லை. இதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்த இரண்டு ரெவ்யூவர்களும் கேட்கவில்லை. ஆங்கிலத்தைத் திருத்தச் சொன்னார்கள், திருத்தினேன். அன்று ஒரு மெஷின் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என் மூன்று வருடம் மிஞ்சியிருக்கும்.

மெஷின் தப்பாகச் சொல்லுமே என்பீர்கள். சொல்லும். 2016-ல், புள்ளியியல் கணக்குகளைச் சரிபார்க்கும் ஸ்டாட்செக் என்ற கருவியில் ஐம்பதாயிரம் உளவியல் கட்டுரைகளை ஓட்டி, முடிவுகளை, வெளியான கட்டுரைகளை விவாதிக்கும் பப்பியர் தளத்தில் பொதுவில் போட்டார்கள். பிழையே இல்லாத கட்டுரைக்கும் அறிக்கை வந்தது. ஜெர்மனி உளவியலாளர் சங்கம் கோபப்பட்டது, அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே கருவிதான் 1985 முதல் 2013 வரை எட்டு உளவியல் இதழ்களைப் பார்த்து, பி-மதிப்பு (முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று எடைபோட உதவும் எண்) தந்த கட்டுரைகளில் பாதியில் ஒரு கணக்காவது பொருந்தவில்லை என்று காட்டியது. எட்டில் ஒன்றில் முடிவையே மாற்றக்கூடிய பிழை. அத்தனையும் மனிதர்கள் படித்து, சரி என்று அனுப்பியவை. மெஷின் தப்புக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, இதற்கு ஏன் வரவில்லை?

நல்ல ஆய்வா என்று மெஷினுக்குத் தெரியாது என்பது இன்னொரு வாதம். தெரியாதுதான், யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. கோவிட் நேரத்தில் ப்ரீபிரிண்ட்கள் (பரிசீலனைக்கு முன்பே வெளியிடும் கட்டுரைகள்) குவிந்தபோது ட்ரேசி வைஸ்கெர்பர் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் இப்படிப்பட்ட பல கருவிகளைச் சேர்த்து ஓட்டினார்கள். தரவு பொதுவில் இருக்கிறதா, ஆய்வின் குறைகளை எழுதியிருக்கிறார்களா, நிறக்குருடு உள்ளவருக்குப் படத்தின் வண்ணங்கள் புரியுமா என்று பார்த்தார்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்கள், தரவு கேட்டு மெயில் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்து பாருங்கள். நான் எட்டு மாதம் காத்திருந்தேன். 'கேட்டால் தரப்படும்' என்று அச்சில் இருந்தது. பதில் வரவே இல்லை.

உண்மையில் என் வருத்தம் கருவியைப் பற்றியதே இல்லை. என் லேபில் 'இது என்ன செல், யார் சோதித்தது' என்று கேட்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை எழுந்து பேசிய மாணவிக்கு இருந்தது, கையில் ஓர் அறிக்கை இருந்ததால். அதையும் பிடுங்கிவிட்டால் அடுத்த மாணவி எதை வைத்துக்கொண்டு எழுந்து நிற்பாள்?

என் கட்டுரை இன்னும் அப்படியே கிடக்கிறது. போன மாதம்கூட யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். திருத்தம் போடச் சொல்லி இதழுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். நாளைக்கு மூன்றாவது முறை எழுதுவேன்.