மேய்னின் இரண்டாம் தொகுதியைப் பாருங்கள்

"அமெரிக்கக் கிராமம் என்றாலே குடியரசுக் கட்சிதான்" என்று அமெரிக்கக் கிராமப்புற அரசியல் பற்றிய உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தின் இரண்டாம் நாடாளுமன்றத் தொகுதி அதற்குள் அடங்காது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பரப்பில் இதுதான் மிகப் பெரிய தொகுதி. காடு, வடக்கே உருளைக்கிழங்கு வயல்கள், கிழக்குக் கரையில் லாப்ஸ்டர் (சிங்கி இறால்) பிடிப்பவர்கள், கனடா எல்லையோரம் இன்னும் பிரெஞ்சு பேசும் குடும்பங்கள். ஊருக்கே சோறு போட்ட காகித ஆலைகள் மில்லினாக்கெட், பக்ஸ்போர்ட் என்று வரிசையாக மூடப்பட்டன. அந்தக் கோபம் சும்மா போகுமா? 2016, 2020, 2024 மூன்று முறையும் தொகுதி டிரம்ப் பக்கம்தான்.

ஆனால் அதே மக்கள் 2018 முதல் நான்கு முறை ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்னாள் மரைன் வீரர், லூயிஸ்டன்காரர், சொந்தக் கட்சியோடு அடிக்கடி முரண்டு பிடிப்பவர். 2018இல் முதல் சுற்றில் அவர் சுமார் 2,000 வாக்குகள் பின்தங்கியிருந்தார். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் விருப்பவரிசை வாக்குமுறையில், கடைசியில் நின்றவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறியபோதுதான் ஜெயித்தார். எனக்கு அந்த முறை பிடிக்கும், தோற்றவர் வழக்குப் போட்டது வேறு கதை.

லூயிஸ்டனை நீங்கள் தொடவே இல்லை. சோமாலியர்கள் பெருமளவில் குடியேறிய பழைய நெசவாலை நகரம் அது. 2023இல் அங்கே துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்த மறுநாளே, தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை எதிர்த்துவந்த கோல்டன் நிலைப்பாட்டை மாற்றி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வேட்டைத் துப்பாக்கி வீட்டுக்கு வீடு இருக்கும் தொகுதி இது. அப்படியும் 2024இல் அவரையே திரும்ப அனுப்பினார்கள், வித்தியாசம் மிகக் குறைவுதான் என்றாலும்.