கிரீன்வுட்டுக்கு எதற்குப் போகணும் என்று கேட்டவருக்கு

சனிக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஓக்லஹோமாவில் நாம் வாழும் இந்த டல்சாவின் கறுப்பினக் குடியிருப்பான கிரீன்வுட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று சொன்னேன். "சின்னப் பசங்களுக்கு எதுக்குங்க இந்தச் சோகமெல்லாம்? கறுப்பினத்தவங்களே மறந்துட்டாங்க, நீங்க ஏன் கிளறுறீங்க?" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

அவர்கள் மறக்கவில்லை. மறைக்கப்பட்டது.

1921 மே 31 இரவு தொடங்கி மறுநாள் பகல் வரை, நம் டல்சாவில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டின் 35 பிளாக்குகளை எரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். செத்தவர்கள் 300 வரை இருக்கலாம் என்கிறார்கள். கும்பலை உசுப்பிவிட்ட செய்தி டல்சா ட்ரிப்யூன் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. பிற்பாடு பழைய இதழ்களைப் பாதுகாக்க மைக்ரோஃபிலிமில் படமெடுத்தபோது, அந்தச் செய்தி இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. தானாக மறந்துபோன விஷயத்தை யாராவது கிழித்தெடுப்பார்களா?

"ரெண்டு பக்கமும் அடிச்சிக்கிட்ட கலவரம்தானே?" என்றும் சிலர் கேட்பீர்கள். கலவரச் சேதத்துக்குக் காப்பீடு இல்லை என்று சொல்லித்தான் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. அந்தச் சொல்லைத் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எரிந்த உடல்களின் படங்களைக் காட்டச் சொல்லவில்லை. என் மகளை அழைத்துப் போனபோது அவளுக்கு எட்டு வயது. அங்கே நடைபாதையில் உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடையின் பெயர், 1921இல் அழிக்கப்பட்டது என்ற வரி, அப்புறம் 'மீண்டும் திறந்தது' அல்லது 'மீண்டும் திறக்கவில்லை'. குனிந்து குனிந்து வாசித்துக்கொண்டே வந்தாள். 'திறக்கவில்லை' என்று இருந்த தகடுகளை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போனாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தக் குழந்தைக்குப் புரியாது என்கிறீர்கள்?

நமக்கென்ன சம்பந்தம் என்கிறீர்களா? உங்களில் பாதிப் பேர் தினமும் வேலைக்குப் போகும் 244 நெடுஞ்சாலை கிரீன்வுட்டைப் பிளந்துகொண்டுதான் போகிறது. எரித்த பிறகும் அந்த மக்கள் கட்டி எழுப்பிய இடம் அது. அதன் மேல்தான் நாம் காரை ஓட்டுகிறோம்.

இந்த வரலாறு இன்று நம் கைக்குக் கிடைத்ததே அவர்கள் விடாப்பிடியாகக் காப்பாற்றியதால்தான். தட்டச்சு சொல்லிக்கொடுத்த மேரி பாரிஷ், அன்று சிறு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி உயிர் தப்பியவர். புகை அடங்கியதும் பிழைத்தவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதை எழுதி வாங்கினார். யார் எதை இழந்தார்கள் என்று பட்டியலும் போட்டார். வீடு போன நிலையில் ஒரு பெண் செய்த வேலை இது. இவர்களையா மறந்துவிட்டார்கள் என்கிறீர்கள்? கேட்கவே வலிக்கிறது.

நூறு வருடம் ஆகிவிட்டதாம். ஓக்லான் இடுகாட்டில் பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருந்த ஒருவரை, சி. எல். டேனியல் என்று 2024இல்தான் மரபணுச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். மகன் டல்சாவில் கொல்லப்பட்டான் என்று அவருடைய தாய்க்காக ஒரு வழக்கறிஞர் 1936இலேயே அரசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் இத்தனை வருடமும் கோப்பிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் போகிறேன். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.