இரட்டைச் சிலிண்டர் கட்டும் முதல் நாளிலேயே வால்வைப் பழகுங்கள்

வாடைக்காற்று ஓய்ந்து மட்டக்களப்புக் கடல் தெளிந்தால் போதும், "ஹேர்மிஸைப் பார்க்கப் போவோமா அண்ணன்?" என்று தம்பிமார் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு 40 மீற்றர்தான் எல்லை என்பதால், அங்கே போகிறவர்கள் இரட்டைச் சிலிண்டர் கட்டுகிறார்கள். நல்லது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் வால்வை எட்டி மூடத் தெரியுமா என்று கேட்டால், "அது ஆழப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள்தானே" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்தப் பதிலில்தான்.

இரட்டைச் சிலிண்டரின் பயனே, ஒரு பக்கம் பழுதானால் மற்றப் பக்கத்துக் காற்றைக் காப்பாற்றலாம் என்பது. வலப்பக்கம் ஒரு வால்வு, இடப்பக்கம் ஒன்று, இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குறுக்குக் குழாயின் நடுவில் இன்னொன்று. தலைக்குப் பின்னால் குமிழிகள் சீறினால், எந்தப் பக்கத்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) என்று கண்டு அந்த வால்வை மூட வேண்டும். மூடுவது வாயிலிருக்கும் ரெகுலேட்டருக்கு உரியதென்றால் மற்றதற்கு மாறிவிட வேண்டும். கசிவு சிலிண்டரின் கழுத்தில் என்றால் பக்க வால்வை மூடியும் பயனில்லை. நடு வால்வை மூடினால்தான் பாதிக் காற்றாவது மிஞ்சும். இது கைவராதவருக்கு இரண்டு சிலிண்டரும் ஒரே பெரிய சிலிண்டர்தான். பழுதாகக்கூடிய இடங்கள் மட்டும் இரட்டிப்பு.

53 மீற்றரில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு மூச்சும் அதே கணக்கில் சிலிண்டரைக் காலி செய்யும். சாதாரணக் காற்றோடு இறங்கியவருக்கு, ஆழத்தில் குடிபோதைபோல் மூளையை மந்தமாக்கும் நைட்ரஜன் மயக்கம் வேறு. வலமா இடமா என்று அங்கே நின்று யோசிக்க முடியாது. யோசிக்காமலே கை போக வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்குப் பாசிக்குடா போதும். நெஞ்சளவுத் தண்ணீரில் தொடங்கலாம். முழங்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, உள்ளங்கையைப் பின்னால் வளைத்து, விரல் நுனியால் வால்வின் திருகுப் பிடியைத் தேட வேண்டும். எட்டவில்லையென்றால் பெரும்பாலும் தோளில் குறையில்லை, சிலிண்டர் கீழே இறங்கியிருக்கும். வாரைச் சரிசெய்து மேலே ஏற்றுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் தடித்த உடையோடு இதைச் செய்கிறார்கள். நம் வெதுவெதுப்பான கடலில் மெல்லிய உடை போதும். சாக்குச் சொல்ல இடமில்லை.

புதியவர் பதற்றத்தில் நல்ல வால்வை மூடிவிடுவாரே என்று ஒரு பயிற்சியாளர் என்னோடு வாதாடினார். மூடத்தான் செய்வார். எழுந்து நிற்கக்கூடிய தண்ணீரில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே மூடிப் பார்க்கட்டும் என்கிறேன்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதேயில்லை. நடு வால்வு மூடியிருப்பது தெரியாமல் இறங்கினால், மிச்சக் காற்றைக் காட்டும் அழுத்தமானி வழக்கமாக இடப்பக்கம், மூச்சு வலப்பக்கம். முள் அசையவே அசையாது. குறைவாகத்தான் மூச்சுவிடுகிறோம் என்று மனிதர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது வலது சிலிண்டர் தீர்ந்துவிடும். வால்வைத் தொட்டுப் பழகிய கை இதைப் படகிலேயே கண்டுபிடிக்கும்.

படகு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரட்டைச் சிலிண்டரோடு வருகிறவரை ஏற்றுமுன், மூன்று வால்வையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடியாதவரை ஒற்றைச் சிலிண்டரோடு, ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' கப்பலுக்குக் கூட்டிப்போங்கள். ஆழம் குறைவு, பார்க்கவும் நிறைய இருக்கிறது.